தேய்ந்த காசும் பிழைத்த காசும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

இம்மேடையில் நின்று தமிழின் தொன்மையையும் பெருமையையும் பேசியவர்கள் பலர். அவர்களைப் போலப் பேசும் புலமை எங்களுக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கெழுதி வருபவரிடம் இலக்கியத்தை எதிர்பார்க்கலாமா? ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. "உங்கள் வீட்டுப் பழங்காசுப் பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். நம் காலனியில் அத்தகைய பெட்டி இல்லாத வீடு எது?" என்றார். உண்மைதான். பாட்டனார் காலத்தில் பிழைப்புத் தேடி இந்தக் கரக்பூருக்கு வந்த குடும்பங்களில், பூஜை அறையிலோ பரண்மேலோ ஒரு பெட்டி நிறையச் செல்லாக் காசுகள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று இலட்சம் பெறும் என்ற ஆசையும் கூடவே கிடக்கிறது. அந்த ஆசையைப் பற்றியும் இன்று பேச வேண்டியிருக்கிறது.

ஒரு விளக்கம். இவ்வுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் கணவன் மனைவி இருவரையும் குறிக்கும். பெட்டியைத் திறந்து எண்ணியவர் ஒருவர். அருகில் அமர்ந்து எழுதியவர் ஒருவர். நேர்ந்த தவறுகளிலும் இருவருக்கும் பங்குண்டு.

பெட்டியும் பாகப் பிரிவினையும்

எங்கள் பாட்டனார் மாயவரத்திலிருந்து 1944-ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்து, பயணச்சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தாவாக வேலையில் அமர்ந்தார். அணா, காலணா, தம்பிடி எனக் காசுகள் பலவாக இருந்த காலம் அது. பதினாறணா ஒரு ரூபாய், நான்கு காலணா ஓர் அணா, பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா என்று கணக்கிட்டு, ஜன்னலுக்கு வெளியே வண்டி ஊதிக்கொண்டிருக்கும் வேளையில் சில்லறை கொடுக்க வேண்டும். அந்தச் சில்லறையில் விசித்திரமான காசு ஏதேனும் கண்ணிற்பட்டால் தம் காசைப் போட்டு அதை எடுத்துக்கொள்வார். இவ்வாறு சேர்ந்தவை ஒரு பிஸ்கட்டுத் தகரப் பெட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு. அவருக்குப் பின் அந்தப் பெட்டி எங்கள் தந்தையாரிடம் வந்தது.

தந்தையார் காலமானபின், வங்கியில் இருந்த அவருடைய சேமிப்பை அக்காள், நாங்கள், தம்பி என மூன்று பங்காக்குவதென்று பேச்சு நடந்தது. அப்போது தம்பி எழுந்து, "அண்ணா! வங்கிப் பணத்தை நீங்களும் அக்காவும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருக்கும் இருதலை ரூபாய் ஒன்றை மட்டும் எனக்குக் கொடுங்கள், போதும்" என்றான்.

அது இரு பக்கத்திலும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை உள்ள வெள்ளி ரூபாய். சிறுவயதில் நாங்கள் அனைவரும் அதிர்ஷ்டக் காசு என்று தொட்டு வணங்கியது. நாணயச் சாலையின் பெரும்பிழை அது என்றும், எட்டு இலட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும் தொலைபேசியில் ஒருவர் தம்பியிடம் சொல்லியிருந்தார். தம்பி அதை மறைக்கவில்லை, எங்களிடமே சொன்னான். எட்டாத பலாப்பழத்தைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்று நாங்கள் ஒப்புக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் கையெழுத்திடுவதென்று முடிவாயிற்று.

கணக்கெழுதும் கைக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டியல் இல்லாமல் எதையும் ஒப்படைக்காது. ஆகவே அந்த வாரம் முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு காசாக எடுத்து எழுதினோம். ஒரு கண்ணாடி வில்லை, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு மின்தராசு, ஒரு காந்தம், ஒரு மேசை விளக்கு ஆகிய நான்குமே எங்கள் கருவிகள். காசு படித்தவர்களின் நூல்களைத் தேடிப் படித்தும், கல்கத்தாவில் தெரிந்த காசு வணிகர் ஒருவரைக் கேட்டும் கற்றுக்கொண்டவற்றையே இங்கே சொல்லப் போகிறோம்.

காசு பிறக்கும் விதம்

பிழையை அறிய விரும்புவோர் முதலில் பிழையில்லாத காசு எவ்வாறு பிறக்கிறது என்று அறிய வேண்டும். நம் நாட்டில் இன்று மும்பை, கல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச் சாலைகள் உள்ளன. நமக்கு அருகிலுள்ள கல்கத்தாவின் அலிப்பூர்ச் சாலை 1952-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது.

அங்கே உலோகத்தை உருட்டித் தகடாக்குகிறார்கள். தோசைமாவை வட்டமாக வார்ப்பது போலன்று. மாவைத் தட்டி மூடியால் வெட்டி எடுப்பது போலத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். பிறகு வில்லையின் ஓரத்தை அழுத்தி விளிம்பை எழுப்புகிறார்கள். கடைசியாக, ஒரு வளையத்துக்குள் அந்த வில்லையை வைத்து, மேலே ஓர் அச்சும் கீழே ஓர் அச்சுமாக ஒரே அடியில் இரு பக்கத்தையும் பதிக்கிறார்கள். ஓரத்திலுள்ள கீற்றுகளைப் பதிப்பது அந்த வளையமே.

ஆகவே பிழை பிறக்கக்கூடிய இடங்கள் மூன்றே: வில்லை, அச்சு, அடி. ஒரு காசைக் கையில் எடுத்து, 'இந்தக் குறை இம்மூன்றில் எங்கே பிறந்திருக்கக்கூடும்?' என்று கேளுங்கள். விடை சொல்ல முடிந்தால் மேலே ஆராயலாம். சொல்ல முடியவில்லையென்றால் அக்குறை சாலையை விட்டு வெளியேறிய பிறகு நேர்ந்தது என்று கொள்வதே பெரும்பாலும் சரி. இந்த ஒரு வினாவிலேயே எங்கள் நானூற்றுப் பன்னிரண்டில் பெரும்பகுதி விலகிவிட்டது.

தேய்மானம் எப்படி இருக்கும்?

தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கோயிற்படியில் நடுப்பகுதி முதலில் தேய்வது போல, காசில் மேடானவை முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயில் கன்னமும் மீசையும் கிரீடத்தின் மணிகளும் முதலில் மழுங்கும். அதன் பிறகே எழுத்துகள். 1950-ஆம் ஆண்டுக் குதிரைக் காலணாவில் குதிரையின் உடல் மழுங்கியபின்னும் கால்களுக்கிடையே பள்ளமான இடங்கள் தெளிவாக இருக்கும். மேடு மழுங்கும்போது வெற்றிடமும் பளபளப்பிழந்து வழவழப்பாகும். எடையும் சிறிது குறையும். பழைய வெள்ளி ரூபாயின் முறையான எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பல கைகள் பட்டுத் தேய்ந்தது அதற்குக் கீழே நிற்கும்.

இதற்கு மாறாக, நாணயச் சாலையிலேயே அடி குறைந்து விழுந்த காசும் உண்டு. அதிலும் மீசை தெரியாது. ஆனால் வெற்றிடத்தில் புதுக்காசின் பளபளப்பு இருக்கும். மேடுகள் வழவழப்பாக இல்லாமல், அடிபடாத வில்லையின் சொரசொரப்பைக் காட்டும். அச்சின் எழுத்துக் குழியில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டாலும் ஓர் எழுத்தோ ஆண்டின் ஓர் இலக்கமோ எழாமற் போகும். அப்போது அதன் பக்கத்து எழுத்துகள் முழுமையாக நிற்கும். ஓர் எழுத்து மட்டும் போய் மற்றவை கூராக நின்றால் அச்சில் அடைப்பு. எல்லாம் சேர்ந்து மழுங்கினால் தேய்மானம். தேய்ந்த காசை 'எழுத்தில்லாக் காசு' என்று கூறி விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

பிறந்தபின் பட்ட காயங்கள்

எங்கள் பெட்டியில் முட்டை வடிவமாக நீண்ட ஒரு நயா பைசா இருந்தது. வில்லையின் பிழை என்று முதலில் எழுதினோம். பிறகு நாங்களே சிரித்து அடித்தோம். ரயில்வே காலனியில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாதா? தண்டவாளத்தில் வைத்த காசு அது! உருவமும் காசோடு சேர்ந்து இழுபட்டிருந்ததே சான்று. சாலையில் நீண்ட வில்லை மீது அச்சு விழுந்தால் வில்லைதான் நீண்டிருக்கும், சிங்கம் நீண்டிராது. குழந்தைகளே! அந்த விளையாட்டு வேண்டாம். தண்டவாளத்தருகே செல்வது உயிருக்கு ஆபத்து. காசை அழிப்பதை 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டமும் தடை செய்கிறது.

வெள்ளி ரூபாய்களில் ஏழின் உச்சியில் ஒரு சிறு கட்டி இருந்தது. பிழையன்று. கழுத்தில் அணிவதற்காகத் தட்டார் வளையம் பற்றவைத்து, பிறகு யாரோ எடுத்துவிட்ட தழும்பு அது. அமிலத்தில் ஊறிய காசு எல்லாப் பக்கமும் ஒரே சீராக மெலிந்து, எடை மிகவும் குறைந்து நிற்கும். அதை 'மெல்லிய வில்லைப் பிழை' என்பார்கள். நம்ப வேண்டாம்.

எளிய சோதனை ஒன்று சொல்கிறோம். காசில் ஒரு கோடு தெரிகிறதா? விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அக்கோடு மேடா பள்ளமா என்று பாருங்கள். பள்ளமானால் பெரும்பாலும் கீறல். வீட்டிலோ கடையிலோ பட்டது. மேடானால் அச்சில் விரிசல் விழுந்திருக்கலாம்; ஏனெனில் அச்சின் பிளவுக்குள் உலோகம் புகுந்து மேடாக எழும். கீறலால் உலோகத்தைக் குடைய முடியும். மேடாக வளர்க்க முடியாது.

உண்மைப் பிழைகள்

இனி மெய்யான பிழைகளைப் பார்ப்போம். தகட்டின் விளிம்பையோ முன்பே வெட்டிய ஓட்டையையோ தொட்டு வில்லையை வெட்டிவிட்டால், காசில் ஒரு துண்டு குறையும். ஆனால் அரம் கொண்டு யாரும் அதேபோல வெட்டலாமே! வேறுபாடு எங்கே? குறையுள்ள இடத்துக்கு நேர் எதிரே பாருங்கள். விளிம்பை எழுப்பும் எந்திரம் இரு புறமும் அழுத்துவது. ஒரு புறம் உலோகம் இல்லையென்றால் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் குறையும். ஆகவே மெய்ப்பிழையில் எதிர்விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். குறைக்கு அருகிலுள்ள எழுத்துகள் அதை நோக்கி இழுபட்டு மெலியும். அரத்தால் வெட்டியதில் எழுத்து கத்தியால் அறுத்தது போல நின்றுவிடும். எதிர்விளிம்பு கம்பீரமாக இருக்கும்.

வில்லை வளையத்துக்குள் சரியாக அமராமல் அடி விழுந்தால் உருவம் ஒதுங்கிப் பதியும். ஒரு புறம் வெற்றுப்பிறையும் மறுபுறம் வெட்டுண்ட எழுத்துகளும் இருக்கும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவில் ஓட்டை நடுவை விட்டு விலகியதும் உண்டு. எழுத்து இரட்டித்திருந்தால் அவசரப்பட வேண்டாம். அச்சே இரட்டித்திருந்தால் இரு எழுத்தும் முழு உருண்டையாக இருந்து முனைகள் பிளந்து தோன்றும்; அடிக்கும்போது அச்சு அசைந்திருந்தால் ஒரு பக்கம் தட்டையான படிபோலத் தெரியும். பின்னது மிகச் சாதாரணம், விலையும் இல்லை.

உலோகம் மாறிய வில்லையைக் கண்டுபிடிக்கத் தராசும் காந்தமும் போதும். 1957-இல் வந்த பத்து நயா பைசா செம்பும் நிக்கலும் கலந்தது; 5 கிராம்; காந்தத்தில் ஒட்டாது. அதே எடையுள்ள ஐம்பது பைசா 1960-களில் தூய நிக்கல். காந்தம் அதைக் கவ்விக்கொள்ளும். ஒரு காசு தன் இனத்துக்குரிய எடையிலும் இயல்பிலும் இல்லையென்றால் அப்போதுதான் கண்ணாடி வில்லையைக் கையில் எடுக்க வேண்டும்.

பிழையென்று தோன்றிப் பிழையல்லாதவை

ஆண்டுக்குக் கீழே புள்ளி, வைரம், நட்சத்திரம் ஆகியவற்றைக் கண்டு பிழையென்று மயங்குவோர் பலர். அவை சாலையின் முத்திரைகள். வைரம் மும்பைக்கும், நட்சத்திரம் ஐதராபாத்துக்கும், வட்டப்புள்ளி நொய்டாவுக்கும் உரியவை. கல்கத்தாவுக்கு முத்திரையே இல்லை. ஆதலால் நம் ஊரில் முத்திரையில்லாத காசு மிகுதி.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டு ரூபாயைப் பற்றிப் பெரியோர்கள் கேட்டிருப்பார்கள். மன்னரின் அங்கியில் பொறித்த யானை பன்றியைப் போலத் தோன்றுகிறதென்று மக்கள் மனம் புண்பட, அரசு அதைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. அது உருவம் வரைந்தவர் பிழை. அந்த ஆண்டின் காசு அனைத்திலும் உண்டு. நாணயச் சாலையில் ஒரு காசுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று.

1818 என்ற ஆண்டும் இராமர் பட்டாபிஷேகமும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் பெயரோடு வரும் செப்புக்காசுகளும் சில வீடுகளில் உள்ளன. பக்தியோடு வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் கம்பெனி அத்தகைய காசை என்றும் அடித்ததில்லை. அவை பிற்காலத்தில் செய்து விற்றவை. அதுபோலவே 2012-இல் வெளியான வைஷ்ணவ தேவி உருவமுள்ள ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் இலட்சம் பெறும் என்று கைபேசியில் காட்டுகிறார்கள். அவை ஏராளமாக அடித்து வெளியிட்ட நினைவுக் காசுகளே.

இரண்டு காசுகள்

இனி எங்கள் கதைக்கு வருவோம். வியாழக்கிழமை இரவு இருதலை ரூபாயின் முறை வந்தது. மேல் அச்சும் கீழ் அச்சும் எந்திரத்தில் வெவ்வேறாகப் பொருந்துவன. ஆகவே இரு புறமும் ஒரே தலை மேடாகப் பதிந்த காசு சாலையிலிருந்து வருவது உலகிலேயே மிக மிக அரிது. அத்தகையது கைக்கு வந்தால் முதலில் பொருத்தைத் தேடு என்பது காசறிந்தவர் வாக்கு. ஒரு ரூபாயின் பின்புறத்தைக் குடைந்து கிண்ணமாக்கி, இன்னொரு ரூபாயின் முன்புறத்தை மெலிதாக வெட்டி அதற்குள் பொருத்துவார்கள். செப்பிடு வித்தைக்காரரும், பூவா தலையா போட்டு ஏய்ப்பவரும் செய்விப்பது.

விளக்கைச் சாய்த்தோம். ஒரு பக்கத்தில் விளிம்புக்குச் சற்று உள்ளே, மயிரிழை போன்ற ஒரு வட்டம் முழுச் சுற்றும் ஓடியது. தராசு 10.9 கிராம் காட்டியது. அதிகம் தேயாத காசுக்கு இவ்வளவு குறைவு ஏன்? மேசைமேல் மெல்லப் போட்டோம். வெள்ளியின் கணீர் ஒலி எழவில்லை.

அதே இரவில் இன்னொன்றும் கிடைத்தது. மஞ்சளேறிய காகிதத்தில் மடித்திருந்த ஒரு சிறு வெண்கல நயா பைசா. ஒரு பக்கம் அசோகச் சிங்கங்கள். மறு பக்கத்தில் மதிப்பும் இல்லை, ஆண்டும் இல்லை, ஏதோ நசுங்கினாற்போன்ற பள்ளம். நசுங்கியதென்று தள்ள இருந்தோம். கண்ணாடி வில்லையில் பார்த்தபோது அந்தப் பள்ளம் அதே சிங்கங்கள்தாம். ஆனால் குழிந்தும், கண்ணாடியிற் காண்பது போல இடம் வலம் மாறியும் இருந்தன.

இது எப்படி நேரும்? அடிபட்ட காசு ஒன்று கீழே விழாமல் ஓர் அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை வந்ததும், அந்த ஒட்டிய காசே அச்சாகி அதன்மேல் அழுந்துகிறது. அதனால் மேடு பள்ளமாகவும், வலம் இடமாகவும் பதிகிறது. இதையும் போலியாகச் செய்வார்கள். இரு காசை இடுக்கியில் வைத்து நெருக்கினால் குழிந்த உருவம் கிடைக்கும். ஆனால் அப்போது பழைய எழுத்தின் எச்சம் அடியில் தெரியும். மறுபக்கமும் நசுங்கித் தட்டையாகும். எங்கள் நயா பைசாவில் பழைய எழுத்தின் சுவடே இல்லை. மறுபக்கத்துச் சிங்கங்கள் கூராக நின்றன. எடை சரியாக 1.5 கிராம். மெய்யான பிழை!

விந்தையைப் பாருங்கள். இரண்டு காசிலும் ஒரே பக்கம் இருமுறை. இரண்டிலும் ஆண்டு இல்லை. வணங்கி வைத்த வெள்ளி பொய். ஒதுக்கி வைத்த வெண்கலம் மெய்.

மூன்று இரவுகள்

அறிந்தபின் என்ன செய்தோம்? உடனே தம்பியிடம் ஓடினோம் என்று சொல்லத்தான் ஆசை. ஓடவில்லை. ஞாயிறன்று கையெழுத்தானால் எங்கள் பங்கு மூன்றிலொன்றாக இராது, பாதியாகிவிடும். மகளின் கல்லூரிக் கட்டணம் அடுத்த மாதம் கட்ட வேண்டும். தம்பிதானே கேட்டான்? நாங்களா ஏமாற்றினோம்? கல்லைத் தெய்வமென்று நம்புகிறவனிடம் போய்க் கல்லென்று சொல்வானேன்? இவ்வாறெல்லாம் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். வியாழன், வெள்ளி, சனி என மூன்று இரவுகள். தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள், ஒப்பந்த வேலை, ஓய்வூதியம் இல்லாதவன். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை இரவு, காலியான பெட்டியைத் துடைக்க அடியில் விரித்திருந்த காகிதத்தை எடுத்தோம். அதன் கீழே ஒரு சிறு குறிப்பேடு. பாட்டனாரின் கையெழுத்து. நயா பைசாவுக்கு நேரே, "1959. கவுண்டரில் வந்தது. நம் காசு போட்டு எடுத்தது" என்றிருந்தது. இருதலை ரூபாய்க்கு நேரே இவ்வாறு எழுதியிருந்தார்: "கூட்ட நேரத்தில் வாங்கி ஏமாந்தது. கேஷ் ஆபீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. சம்பளத்தில் கட்டினேன். இனி எவரும் ஏமாறாதிருக்க வைத்திருக்கிறேன்."

அன்பர்களே! அதிர்ஷ்டக் காசென்று நாங்கள் மூவரும் தொட்டு வணங்கியது, அவர் ஒரு ரூபாய் இழந்ததற்கு வைத்த சாட்சி. இன்னொருவர் கையில் அது போய்ச் சேரக்கூடாது என்றே அவர் அதைச் செலவழிக்காமல் வைத்தார். அந்தக் காசைக் கொண்டே அவர் பேரனை ஏமாற்ற நாங்கள் இருந்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஞாயிறு காலையில் தம்பியை அழைத்துச் சொன்னோம். அவன் நம்பவில்லை. "பணத்தோடு காசும் வேண்டுமா, அண்ணா?" என்றான். சுட்டது, ஆனால் கேட்க வேண்டியதுதான். வாதாடவில்லை. அவன் கையில் கண்ணாடி வில்லையையும், அந்த ரூபாயையும், ஒப்புநோக்க நல்ல ரூபாய் ஒன்றையும், குறிப்பேட்டையும் கொடுத்துவிட்டு நாங்கள் அடுக்களைக்குப் போய்விட்டோம். அரைமணி நேரம் சென்று அவனே வந்தான். "அண்ணி! நகம் மாட்டுகிறது" என்றான். பிறகு மெதுவாக, காசை விற்றுத்தரப் பதிவுக் கட்டணம் என்று அந்தத் தொலைபேசிக்காரருக்கு ஏற்கெனவே 4,500 ரூபாய் அனுப்பிவிட்டதைச் சொன்னான்.

இத்தகைய மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ஆம் ஆண்டு மக்களை எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, காசு ஆகியவற்றை வாங்கவோ விற்கவோ ரிசர்வ் வங்கி யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை; தன் பெயரில் வாங்க எவருக்கும் அதிகாரம் அளித்ததும் இல்லை. வாங்குகிறவர்தாம் பணம் தர வேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர். இந்த ஒரு வாக்கியத்தையேனும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அக்காளுக்கு விவரம் எல்லாம் எழுதினோம். சேமிப்பை மூன்று சம பங்காகவே பிரிக்கச் சொன்னாள். எங்களிடம் மட்டும் ஒன்று கேட்டாள்: "இதைச் சொல்ல உங்களுக்கு மூன்று நாள் ஆயிற்றா?" அதற்கு விடை இன்றுவரை எங்களிடம் இல்லை.

கல்கத்தா வணிகரும் இரண்டையும் பார்த்து நாங்கள் எழுதியதையே சொன்னார். இருதலை ரூபாய்க்கு வெள்ளியின் விலைக்கு மேல் ஒன்றும் இல்லை என்றார். நயா பைசாவுக்கு அவர் சொன்ன விலை ஒரு மாத மளிகைக்குப் போதும், இலட்சம் அன்று. விற்கவில்லை. மூவருக்கும் பொதுவாக, பாட்டனாரின் காகிதத்திலேயே மடித்து வைத்திருக்கிறோம்.

முடிவுரை

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பழங்காசைப் புளியோ, பல்பொடியோ, எலுமிச்சையோ போட்டுத் துலக்காதீர்கள். தீபாவளிக்கு முந்திய நாள் நாங்கள் துலக்கிய ஓர் ஓரணா இன்று பளபளக்கிறது. ஆனால் அதில் ஆராய ஒன்றும் மிச்சமில்லை. ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் நெடுநாள் வைத்தால் பச்சை பூக்கும். உலர்ந்த காகித உறையே நன்று. எங்கே, எப்போது, எப்படி வந்தது என்று உறைமேல் இரண்டு வரி எழுதி வையுங்கள். எங்களைக் காத்தது அந்த இரண்டு வரிதான். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசை வெளிநாடு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தடுக்கிறது என்பதையும், அயல்நாட்டில் பிள்ளைகள் உள்ள பெரியோர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவரவர் வீட்டுக் காசு அவரவர்க்கு அரிய காசு. அதில் தவறில்லை. தேய்ந்த காசு இழிந்ததன்று. ஆயிரம் கைகளில் உப்புக்கும் புளிக்கும் உழைத்துத் தேய்ந்தது அது. விலை இல்லையென்றாலும் மதிப்பு உண்டு.

தமிழில் 'பிழைத்தல்' என்ற சொல்லுக்குத் தவறுதல் என்றும், உயிர் தப்புதல் என்றும் இரு பொருள் உண்டு. சாலையிற் பிழைத்த அந்த நயா பைசா, உருக்குலையிலிருந்தும் பிழைத்து எங்கள் பெட்டிக்கு வந்தது. மூன்று இரவுகள் பிழைத்த நாங்களும், பாட்டனாரின் இரண்டு வரியால் பிழைத்தோம்.

இருதலை ரூபாயும் நயா பைசாவும் குறிப்பேடும் அந்த மேசைமீது வைக்கப்பட்டுள்ளன. கண்ணாடி வில்லையும் இருக்கிறது. சிற்றுண்டி முடிந்ததும், குழந்தைகள் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, வரிசையாக வந்து பார்க்கலாம். எது மெய், எது பொய் என்று நீங்களே கண்டு சொல்லுங்கள்.